பந்தி பிரித்த பலகை

ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்குப் பள்ளி விடுமுறை. வீட்டு அடுப்புக்கும் அன்றொரு நாள் விடுமுறை அளிப்பதென்று முடிவு செய்தோம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அக்கா, அக்காளின் ஐந்து வயது மகள், நான் என எழுவரும் பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு சிற்றுண்டிச்சாலைக்குப் புறப்பட்டோம். மாடமாளிகை அன்று, எளிய கடை. கல் பதித்த மேசை, எவர்சில்வர் குவளை, ஆவி பறக்கும் இட்லி, "ரெண்டு ரோஸ்ட்!" என்று உள்ளே பார்த்துக் கூவும் பரிமாறுபவர். தமிழகத்தின் எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சி.

எல்லோரும் உள்ளே நுழைந்துவிட்டோம். தாத்தா மட்டும் வாசற்படியருகே நின்றார். எண்பத்தைந்தைக் கடந்தவர், கால் வலியோ என்று எண்ணித் திரும்பினேன். வலி காலில் இல்லை. அவருடைய கண்கள் வாசலுக்கு மேலே இருந்த பெயர்ப் பலகையை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தன. படித்து முடித்த பிறகே படியேறினார்.

"பெரிய தாத்தா ஏன் அங்கயே நின்னீங்க?" என்றாள் குழந்தை.

"பழக்கம், கண்ணு. நான் சின்னப் பையனா இருந்தப்ப, பலகையைப் பார்க்காம உள்ளே போனா வெளியே போகச் சொல்லிடுவாங்க."

"ஏன்?"

ஏன்! இரண்டே எழுத்துச் சொல். ஈரோட்டுப் பள்ளியின் அரிச்சுவடியே அந்த இரண்டு எழுத்துத்தான். குழந்தைக்கு அதை எவரும் கற்றுத்தரவில்லை. அறிவோடு பிறந்த எவருக்கும் அது தானே வரும். கற்றுத்தரப்பட்டது வேறு: 'ஏன்' என்று கேளாதிருக்கும் கலை! தலைமுறை தலைமுறையாக நமக்குப் புகட்டப்பட்டது அக்கலைதான்.

அதற்குள் இட்லி வந்துவிட்டது. குழந்தையின் கவனம் சட்னிக்குத் தாவிற்று. அவளுக்கு அன்று முழுமையாகச் சொல்ல முடியாத விடையை இளந்தோழர்களுக்கு எழுதுகிறேன்.

மிளகாய்க்கு என்ன கோத்திரம்?

முதலில் எங்கள் மேசையைப் பாருங்கள். மசால் தோசைக்குள் இருக்கும் உருளைக்கிழங்கின் தாயகம் தென்னமெரிக்கா. சாம்பாருக்கும் சட்னிக்கும் காரம் தரும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தது. போர்ச்சுகீசியரின் கப்பலேறி வந்தது. காப்பியோ எத்தியோப்பியாவில் பிறந்து, அரபு நாட்டில் வளர்ந்து, இங்கு குடியேறியது. பாபா புதான் என்னும் இசுலாமியப் பெரியவர் அக்கொட்டைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. இட்லியின் பழம்பெயரோ பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலாகிய 'வட்டாராதனை'யில் காணப்படுகிறது.

கடல் கடந்து போனவன் சாதி கெட்டான் என்று பிராயச்சித்தம் விதித்தது வைதிகம். கடல் கடந்து வந்த மிளகாயை அது என்ன செய்தது? அம்மியில் வைத்து அரைத்தது! உருளைக்கிழங்கிடம் குலம் கேட்கவில்லை. காப்பிக் கொட்டையிடம் கோத்திரம் வினவவில்லை. பண்டத்துக்கு இல்லாத தீட்டு, பண்டம் விளைவித்த உழவனுக்கு எங்கிருந்து வந்தது? நெல் உயர்ந்தது, நாற்று நட்டவள் தாழ்ந்தவள். தோசை தூயது, அதைத் தின்ன வந்தவன் தீட்டு. இந்த விந்தைக் கணக்கை எந்தக் கல்லூரியிலும் கற்பிப்பதில்லை. ஊர்தோறும் உணவுச்சாலைகளில் கற்பித்தார்கள்!

கடை வந்தது, கட்டுப்பாடும் வந்தது

முற்காலத்தில் வழிப்போக்கர்க்குச் சத்திரம் இருந்தது. அதிலும் சாதி இருந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை தென்னகத்தின் முதல் பயணியர் இரயில் ஓடிற்று. பின்னர் நீதிமன்றங்கள், கல்லூரிகள், அலுவலகங்கள் பெருகின. வழக்குக்கு வந்தவன், படிக்க வந்தவன், பிழைக்க வந்தவன் எல்லோருக்கும் பசித்தது. சொந்தமும் இல்லை, சத்திரமும் இல்லை. கையில் காசு இருந்தது. அந்தத் தேவையில் பிறந்தவையே காப்பிக் கிளப்புகளும் சாப்பாட்டு விடுதிகளும்.

இயல்பாகப் பார்த்தால் சாதியின் முதுகெலும்பு அங்கே முறிந்திருக்க வேண்டும். முன்பின் அறியாதவர் கூடும் இடம். நெற்றியைப் பாராமல் காசைப் பார்க்கும் வணிகம். ஆனால் வைதிகம் அவ்வளவு எளிதில் தோற்குமா? ஒரு பலகையை எழுதி மாட்டிற்று: 'பிராமணாள் காபி கிளப்'.

அப்பலகைக்கு ஒரு வணிகத் தந்திரமும் உண்டு. மேற்சாதி சமைத்ததைக் கீழ்ச்சாதி உண்ணலாம். கீழ்ச்சாதி சமைத்ததை மேற்சாதி உண்ணலாகாது என்பது ஆசாரத்தின் சட்டம். எனவே உச்சிச் சாதியார் சமைத்தால் ஊர் முழுதும் வாடிக்கை! சமைப்பவர் சாதி விளம்பரமாயிற்று. உண்பவர் சாதி தடுப்புச் சுவராயிற்று. பல கடைகளில் உள்கூடம் ஒருவர்க்கு. மற்றவர்க்குப் புறத்தே ஓர் ஒதுக்கிடம். இரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளிலும் 'பிராமணாள்' என்று ஓரிடம், 'இதராள்' என்று ஓரிடம். இதராள்! அதாவது, மற்றவர்கள். நாட்டு மக்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு அவர்கள் வாழும் மண்ணிலேயே 'மற்றவர்' என்று பெயர் சூட்டிய கொடுமையை எண்ணிப் பாருங்கள். ஆதித்திராவிடத் தோழர்களுக்கோ அந்த இதராள் இடமும் இல்லை. அவர்களுக்குக் கடையின் எல்லை கடைவாசலுக்கு வெளியே முடிந்தது.

ஒரே அடுப்பு, ஒரே அண்டா, ஒரே காப்பி. தனித்தனி இடம்! வாடிக்கையாளரை வகைவகையாகப் பிரித்த கடையில் பிரிவினை இல்லாத இடம் ஒன்று மட்டும் இருந்தது, அதுதான் கல்லாப்பெட்டி. பிராமணாள் காசும் இதராள் காசும் அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிப்புரண்டு கிடந்தன. அங்கே மட்டும் தீட்டு ஒட்டவில்லை.

என் தாத்தா எட்டு வயதில் தம் தந்தையோடு நகரத்துக்கு வந்தபோது கண்டது இதைத்தான். நெல் விற்ற பணம் மடியில் இருந்தது. கடைக்குள் நுழைந்தவர்களை ஒருவர் கையசைத்து நிறுத்தி, பின்புறத் தாழ்வாரத்தைக் காட்டினாராம். "எங்கப்பா ஒரு வார்த்தை பேசலே. ஊர்லே அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அங்கே தலையைக் குனிஞ்சுகிட்டுப் பின்பக்கம் நடந்தாரு. அதைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கலே" என்றார் தாத்தா. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அவர் பலகையைப் படித்த பிறகே படியேறுகிறார் என்றால், அந்தத் தாழ்வாரம் இன்னும் அவருக்குள் இருக்கிறது என்பதன்றி வேறென்ன?

பலகையைக் கழற்றியவர்கள்

அப்பலகை காற்றடித்து விழவில்லை. காலம் மாறியதால் கரையான் அரித்துப் போகவுமில்லை. கழற்றினார்கள், கைதாகிக் கழற்றினார்கள்.

1867இல் வடலூரில் இராமலிங்க வள்ளலார் தருமச்சாலை அமைத்துச் சாதி வேறுபாடின்றிப் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்தார். சென்னையில் படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர்கள் தங்கவும் உண்ணவும் இடமின்றித் தவித்ததைக் கண்ட டாக்டர் நடேசனார், 1910களில் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' நிறுவினார். ஒரு பேரியக்கத்தின் விதை ஒரு மாணவர் விடுதிச் சோற்றுப் பந்தியில் விழுந்தது என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது. 1917இல் கேரளத்தின் செறாயியில் சகோதரன் ஐயப்பன் ஈழவரும் புலையரும் ஒன்றாய் அமர்ந்துண்ணும் பந்தி நடத்தினார். 'புலையன் ஐயப்பன்' என்று பழித்தார்கள். அவரோ அப்பழிப்பைப் பட்டமாய் ஏற்றார்.

அடுத்து வந்தது சேரன்மாதேவி. தேசியக் கல்விக்கென்று பொதுப்பணம் பெற்று வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி. நாட்டுக்கு விடுதலை கேட்டவர்கள், நாளைய குடிமக்களைத் தட்டு வைத்தே பிரித்தார்கள்! டாக்டர் வரதராசுலுவும் பெரியாரும் கிளர்ந்தெழுந்தனர். பெரியார் 1925இல் காங்கிரசை விட்டு விலகியதற்கு வகுப்புரிமைத் தீர்மானம் உடனடிக் காரணமாயினும், அந்தக் குருகுலப் பந்தி அதற்கு முன்னரே அவர் நெஞ்சைச் சுட்டிருந்தது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னே தொங்கிய சாதி வாலை அறுக்கச் சொல்லிற்று. இயக்கம் சென்ற ஊர்களிலெல்லாம் சமபந்தி விருந்து சென்றது.

இரயில் நிலையங்களில் 'இதராள்' இழிவு நீண்ட கிளர்ச்சிக்குப் பின் 1941இல் ஒழிந்தது. 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், கடைகளிலும் பொது உணவுச்சாலைகளிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்று 15ஆம் பிரிவில் எழுதிற்று. உயர்ந்த சட்டப் புத்தகத்தில் உணவுக்கடையைப் பெயர் சொல்லி எழுத நேர்ந்ததே, அந்தக் கடைகள் எப்படி இருந்தன என்பதற்குச் சான்று!

ஆயினும் பெயர்ப் பலகையில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. "உள்ளே எல்லோரும் வரலாமே, பெயரில் என்ன இருக்கிறது?" என்றனர் சிலர். பெரியாரின் வாதம் எளியது: ஒருவன் தன்னைப் பிராமணன் என்று பலகையில் எழுதினால், படிப்பவனைச் சூத்திரன் என்று எழுதாமல் எழுதுகிறான். காய்கறி உணவு மட்டும் என்று அறிவிக்க 'சைவம்' என்ற சொல் போதாதா? பிறப்பு எதற்கு? 1957 மே மாதத்தில் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் மறியல் தொடங்கிற்று. நாள்தோறும் அணியணியாகத் தோழர்கள் சென்றனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். மாதங்கள் பல கடந்து அந்தச் சொல் பலகையிலிருந்து இறங்கிற்று. ஒரு சொல்லை அழிக்க ஆயிரம் பேர் சிறை! நடேசனார் விடுதி வைத்த அதே திருவல்லிக்கேணியில் அந்தக் கணக்குத் தீர்ந்தது. 2012இல் திருவரங்கத்தில் ஓர் உணவகத்தின் பலகையில் அச்சொல் மீண்டும் தலைகாட்டியபோதும், கறுப்புச் சட்டைத் தோழர்கள் கிளர்ந்தெழுந்தனர்.

பாட்டியின் இட்லி

பந்தியில் இடம் மறுக்கப்பட்டவர் இன்னொருவரும் எங்கள் மேசையில் இருந்தார், பாட்டி. பலகை தாத்தாவைப் பின்புறத்துக்கு அனுப்பியது. குடும்பம் பாட்டியைக் கடைத்தெருவுக்கே அனுப்பவில்லை. ஓட்டலில் பெண் அமர்ந்துண்பது குலத்துக்கு இழுக்கு என்றிருந்த காலம். பிறகு கடைகளில் 'குடும்ப அறை' என்று திரைபோட்ட மூலை ஒன்று வந்தது. சோற்றுக்குத் தீட்டு, பெண்ணுக்குத் திரை! மின்சார மாவரைக்கும் இயந்திரத்தை 1955இல் கோவையில் சபாபதி என்பவர் உருவாக்கினார். அது எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்வரை பாட்டியின் கை ஆட்டுக்கல் குழவியிலேயே தேய்ந்தது. விரதங்கள் எத்தனையோ நோற்றார். எந்தத் தெய்வமும் ஒரு படி அரிசி அரைத்துத் தரவில்லை. இயந்திரம் அரைத்தது.

அன்று பாட்டி இட்லியைத் தொடாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "உட்கார்ந்த இடத்துக்கு இட்லி வருது பாரு" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். என் தாய் சிரிக்கவில்லை.

பலகையின் மறுபுறம்

இத்துடன் நிறுத்தியிருந்தால் இக்கட்டுரை நமக்கு இனிக்கும். நாம் இழிவுபட்டோம், போராடினோம், வென்றோம் என்று மார்தட்டிக் கலையலாம். தாத்தா அதற்கு இடந்தரவில்லை. காப்பிக் குவளையைக் கையில் எடுத்தவர், அதை உருட்டிக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்குச் சாயங்காலம் ஊர் திரும்பினோம். எங்கப்பா நேரா டீக்கடைக்குப் போய், உள்ளே பெஞ்சிலே உட்கார்ந்து கிளாஸிலே குடிச்சாரு. நெல் மூட்டை சுமந்து எங்களோட வந்த ஆளு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாரு. அவருக்குக் கொட்டாங்கச்சியிலே ஊத்தினாங்க. காலையிலே நமக்கு நடந்ததை அப்பா மறந்துட்டாரா, இல்லே ஞாபகம் வெச்சுக்கிட்டுத்தான் அப்படி உட்கார்ந்தாரான்னு எனக்கு இன்னும் தெரியலே."

மேசையில் பேச்சு நின்றது.

தோழர்களே, சாதியின் சூழ்ச்சி அங்கேதான் இருக்கிறது. அது ஒரு சுவர் அன்று, படிக்கட்டு. மேற்படியில் நிற்பவன் மிதிக்கிறான் என்று கூவுகிறவனுக்கும், மிதிக்கக் கீழே ஒரு படியைக் கொடுத்து வாயடைத்துவிடுகிறது. காலையில் தலைகுனிந்தவன் மாலையில் கால்மேல் கால் போடுகிறான். நகரத்துப் பலகை எழுத்தில் இருந்தது. கிராமத்துப் பலகை குவளையில் இருந்தது. எழுத்துப் பலகையைக் கழற்றப் போன நம்மில் எத்தனை பேர், நம் ஊர்த் தேநீர்க் கடையின் இரண்டாவது குவளையை உடைத்துவிட்டுப் போனோம்?

1955 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், உணவுச்சாலையில் நுழைவதைத் தடுப்பதை மட்டுமன்றி, அங்குள்ள பொதுப் பாத்திரங்களைப் பயன்படுத்த மறுப்பதையும் குற்றமாக்கிற்று. 1976இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிற்று. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. சட்டம் வந்த பின்னும் இரட்டைக் குவளை பல ஊர்களில் பல்லாண்டு வாழ்ந்தது. கொட்டாங்கச்சி போய் அலுமினியம் வந்தது. உலோகம் மாறிற்று, உள்ளம் மாறவில்லை.

பழங்கதை என்பீர்களா? 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கிற்று. 1920இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய பள்ளிச் சோற்றின் தொடர்ச்சி அது. அடுத்த ஆண்டே, 2023இல், கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், சமைப்பவர் ஆதித்திராவிடப் பெண் என்பதற்காகப் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை உண்ண விடவில்லை. மாவட்ட ஆட்சியரே சென்று அந்த உணவை உண்ண வேண்டியிருந்தது. அப்பெற்றோர் அக்கிரகாரத்திலிருந்து வந்தவரல்லர், நம்மவர்! பள்ளி ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: வரிசையில் அமரும் குழந்தை பக்கத்துத் தட்டைப் பார்ப்பது அதில் என்ன இருக்கிறது என்று அறியத்தான், யார் வீட்டுப் பிள்ளை என்று அறிய அன்று. அந்த இரண்டாவது பார்வையை வீடுதான் கற்றுக்கொடுக்கிறது.

உண்டுவிட்டு வருவோம்

சேர்ந்துண்டால் சாதி செத்துவிடுமா? சாகாது. 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் இதைத் தெளிவாக்கினார்: சமபந்தி மட்டும் சாதியைக் கொல்லவில்லை; கலப்பு மணமே மெய்யான மருந்து; அதற்கும் அடியில், சாதியைப் புனிதமாக்கும் சாத்திர நம்பிக்கை தகர வேண்டும். உண்மை. ஆனால் ஒரே பந்தியில் அமர மறுப்பவன் ஒரே பந்தலில் மணம் முடிக்க வருவானா? பந்தி முடிவன்று, தொடக்கம். அந்தத் தொடக்கமே இன்னும் பாதியில் நிற்கிறது என்பதே என் கவலை.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சேரியில் திருமணம் என்றால் ஊர்ப் பெரியவர்கள் போவார்கள், மறுக்கமாட்டார்கள். மணமக்களை வாழ்த்துவார்கள்; மொய் எழுதுவார்கள். இலை போட்டதும், "வயிறு சரியில்லை" என்பார்கள்! ஊரிலுள்ள அத்தனை வயிறும் அந்த ஒரு நாளில் மட்டும் கெட்டுப்போகும். சட்டத்தால் பிடிக்க முடியாத பலகை இது. ஆணியும் இல்லை, எழுத்தும் இல்லை.

நெல் மூட்டை சுமந்து வந்தாரே, அவருடைய கொள்ளுப்பேத்திக்கு அடுத்த வாரம் திருமணம். பட்டம் பெற்ற பெண்; அழைப்பிதழ் எங்கள் வீட்டு மாடத்தில் இருக்கிறது. காப்பியைக் குடித்து முடித்த தாத்தா என் தந்தையைப் பார்த்துச் சொன்னார்: "இந்தத் தடவை மொய் எழுதிட்டுத் திரும்பக் கூடாது. எனக்கும் ஒரு இலை போடச் சொல்லு."

தந்தை உடனே விடை சொல்லவில்லை. ஊரார் என்ன சொல்வார்களோ என்ற எண்ணம் அவர் முகத்தில் ஓடியதைக் கண்டேன். பிறகு, "எல்லோருமே போவோம்" என்றார்.

பெரும் புரட்சியன்று, ஒரு வேளைச் சோறு. ஆனால் எட்டு வயதில் கண்டதை எண்பத்தைந்து வயதுவரை சுமந்த ஒரு மனிதர், தமக்கு நேர்ந்த இழிவை மட்டும் நினைத்திருக்கவில்லை; தம் வீட்டார் பிறர்க்கு இழைத்ததையும் மறக்கவில்லை. பகுத்தறிவு என்பது அதுதான். பிறர் கையிலுள்ள பலகையைப் படிக்கத் தெரிந்த நாம், நம் கையிலுள்ளதையும் படிக்கக் கற்போம். திருவல்லிக்கேணியில் ஆயிரம் பேர் சிறைக்குப் போனது நாம் உள்கூடத்தில் அமர்ந்து தோசை தின்பதற்காக மட்டுமன்று. வாசலில் ஒருவரும் நிற்கலாகாது என்பதற்காக!

கடையை விட்டு இறங்கும்போது குழந்தை தலையை நிமிர்த்திப் பலகையைப் பார்த்தாள். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். கடையின் பெயரை உரக்கப் படித்தாள். அதில் எவர் சாதியும் இல்லை. தாத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.